இரண்டு விரல் இடம்

அந்தப் பட்டறையில் செய்த கவசத்தை மாட்டிக்கொண்டு யாராவது போருக்குப் போனால், எதிரி வேண்டாம், ஒரு தூறல் போதும். எல்லாமே ரப்பரும் அட்டையும் வெள்ளிச் சாயமும்தான். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்குப் போகும். ஒரே காட்சியில் நாற்பது வீரர்கள் செத்து விழுவார்கள். நாற்பது கவசமும் நசுங்கித் திரும்பி வரும். அவற்றைத் தட்டி நிமிர்த்தி, மறுபடி சாயம் பூசி, அடுத்த சாவுக்குத் தயாராக்கி அனுப்புவது அவள் வேலை. மூன்று வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வயது இருபத்தைந்து.

“தூரத்துல உக்காந்து பாக்கிறவனுக்கு இரும்பென்ன, ரப்பரென்ன?” என்பது முதலாளியின் வேதம். வியாபாரத்துக்கு அது சரிதான். ஆனால் பட்டறையின் பின்பக்கத்தில் இரும்படிக்கிற ஒரு பழைய பட்டடைக்கல் கிடந்தது. பக்கத்திலேயே, நடுவில் குழி வெட்டிய ஒரு மரக்கட்டை. எப்போதாவது கதாநாயகனுக்கு மட்டும் நிஜ இரும்பில் ஒரு தோள்தகடோ முழங்கைத்தகடோ வேண்டும் என்பார்கள். அந்தக் குழியில் தகட்டை வைத்து, மரச்சுத்தியால் அடித்து அடித்து அவள் அதை வளைத்தெடுப்பாள். அப்படி நாலைந்து செய்ததில் ஆசை வந்துவிட்டது. தலை முதல் கால் வரை ஒரு முழுக் கவசம். நிஜ இரும்பு. இயந்திரம் படாமல், தன் கையாலேயே.

முதலாளியிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “வேலை முடிஞ்சப்புறம் என்ன வேணா அடி. என் காது மட்டும் எனக்கு வேணும், அதைப் பாத்துக்க.”

ரப்பர் யாருக்கும் பொருந்தும். இரும்பு ஒருத்தருக்குத்தான் பொருந்தும். எனவே ஓர் உடம்பு வேண்டும். வீட்டில் ஒன்று இருந்தது: அண்ணன். கட்டடங்களுக்குக் கண்ணாடி பதிக்கிறவன். ஆள் உயரக் கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவான். நெஞ்சு நாற்பத்து மூன்று அங்குலம். உடம்பு எவ்வளவு பெரிதோ அதைவிடப் பெரிது வாய். அவன் சொல்லும் கதைகளில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை நம்பினால் ஓரளவு உண்மை கிடைக்கும்.

“எனக்கு இரும்புச் சட்டையா? பொண்ணு பாக்கப் போறப்ப போட்டுக்கிட்டுப் போறேன். மாமனார் அடிச்சாலும் வலிக்காது” என்றான்.

முப்பத்தோரு இடத்தில் அளவெடுத்தாள். கழுத்து, நெஞ்சு, இடுப்பு, மணிக்கட்டு, முட்டிக்கு மேல், முட்டிக்குக் கீழ். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

“நல்ல குடும்பம்மா இது” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். “நானும் அளக்கிறேன், இவளும் அளக்கிறா. என்ன, இவ டேப்பு வச்சு அளக்கிறா.”

“நீ அளக்கிறதுக்கு ஊர்ல டேப்பு கிடையாதுடா” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

தங்கைக்கு அவன் வைத்த பெயர் தகரம். சின்ன வயதிலிருந்தே டப்பா மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்ததால் வந்தது. தெருவிலும் சிலர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கவச வேலையில் ஒரு கணக்கு உண்டு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. அதற்கு மேல் நெஞ்சுத்தகடு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். ஒரு விரல்தான் போகிறதென்றால் மூச்சு திணறும். மூன்று விரல் போனால் நடக்கும்போது தகடு ஆடும். இரண்டு விரலில்தான் செய்தவரின் கை தெரியும். முதல் நெஞ்சுத்தகட்டை ஒரு மாதத்தில் முடித்து, ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மாட்டிப் பார்த்தாள். விரல் விட்டாள். சரியாக இரண்டு. அன்றைக்கு அவள் தரையில் நடக்கவில்லை. அவனும் அதைக் கழற்ற மறுத்து, அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டான்.

அடுத்து முதுகுத்தகடு, தோள், கைகள். அதெல்லாம் சேர்ந்ததும் மறுபடி மாட்டினாள். மூன்று விரல் போயிற்று.

இரும்பு வளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். அடிக்க அடிக்கத் தகடு மெலிந்து பரவும், அதற்கு ‘வளரும்’ என்று பெயர். கை கொஞ்சம் கனமாக விழுந்தால் போதும், அளவு மீறிப்போகும். முதலாளியும் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உன் கை கனம்மா” என்றார். பக்கவாட்டை வெட்டி ஆணி அறைந்து சேர்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒட்டுப்போட்ட கவசம் கவசமா? புதிதாக இன்னொரு நெஞ்சுத்தகடு அடிக்க ஆரம்பித்தாள். அதற்குமுன் அளவை மறுபடி எடுத்தாள். நாற்பத்து இரண்டேகால்.

“போன தடவ நெஞ்ச விரிச்சுக்கிட்டு நின்னியா?”

“ராஜா வேற எப்படி நிப்பான்?” என்றான்.

அவன் அப்படிச் செய்யக்கூடியவன்தான். நம்பினாள்.

இரண்டாவது தகடும் முடிந்தது. அதிலும் மூன்று விரல் போயிற்று. அளந்தால் நாற்பத்து ஒன்று. இந்தத் தடவை டேப்பைச் சந்தேகப்பட்டாள். துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும். நீண்ட டேப் குறைத்துத்தான் காட்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த சம்பளத்தில் இரும்பு டேப் வாங்கினாள். புது டேப் முப்பத்தொன்பதரை என்றது. அப்படியானால் பழைய டேப் எத்தனை மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்ததோ என்று அதையே திட்டினாள். உண்மையில் பழைய டேப் குறைத்துக் காட்டியிருந்தால் புதுசு கூட்டியல்லவா காட்டவேண்டும்? இந்தச் சின்னக் கணக்கு அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. மூன்றாவது தகட்டை அடிக்க ஆரம்பித்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் விஷயத்தில் பழமொழி தலைகீழ். கூடம்தான் கோணிக்கொண்டே போனது. இவள் தன் ஆட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் தெரியாமல் இல்லை. அண்ணன் தட்டில் சோறு மிச்சம் வைத்தான். “வெயில்ல பசிக்கல” என்றான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டான். “வயசுப் பையன் இளைச்சா அழகும்மா” என்றான். அவன் எதைச் சொன்னாலும் சிரிக்கிற மாதிரி சொல்லுவான், அம்மா சிரித்துவிடுவாள். மூன்றாவது தகட்டை மாட்டும்போது உள்சட்டை தோளிலிருந்து வழிந்தது. அவள் முட்டிபோட்டு, வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு, வார்களை இழுத்துக் கட்டினாள். அவள் கண் தகட்டின் விளிம்பில்தான் இருந்தது. அண்ணாந்து ஒருதடவை அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

பிறகு ஒருநாள் இரண்டாவது மாடிப் படியில் கண்ணாடி அவன் தோளிலிருந்து நழுவியது. உடன் வேலை செய்தவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டு அவனைத்தான் பிடித்தார்கள். பிடித்தவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னார்: “தூக்கினா கனமே இல்லைங்க.”

நாலு நாள் பரிசோதனை. ஐந்தாம் நாள் டாக்டரம்மா அம்மாவையும் அவளையும் உள்ளே கூப்பிட்டார். சின்ன அறை. மேசையில் வேறு யாருடைய எக்ஸ்ரேயோ இருந்தது.

“எப்போலேர்ந்து இளைக்கிறாரு?”

“ஒரு மாசமா இருக்கும்” என்றாள் அம்மா. “ரெண்டு மாசமோ என்னவோ. வெயில்ல வேலை செய்யிறவன் டாக்டர்.”

அவள் பையில் நோட்டு இருந்தது. எப்போதும் இருக்கும். அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் பலதடவை நினைத்தாள். எடுத்தாள். பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தாள். நெஞ்சு: நாற்பத்து மூன்று, நாற்பத்து இரண்டேகால், நாற்பத்து ஒன்று, முப்பத்தொன்பதரை, முப்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் தேதி. இடுப்புக்குத் தனி வரிசை. மேல்கைக்குத் தனி வரிசை. மணிக்கட்டு கூட.

டாக்டரம்மா விரலை வைத்து வரிசையாகப் படித்தார். “அஞ்சு மாசம்” என்றார். “இவ்வளவு சரியா யாரும் எழுதிக்கிட்டு வந்ததில்லம்மா. எதுக்காக எழுதினீங்க?”

“சட்டை தைக்க” என்றாள் அவள். வேறெப்படிச் சொல்வது?

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று தொடங்கிய டாக்டரம்மா நிறுத்திக்கொண்டு, நோட்டை மூடி அவள் பக்கமாகத் தள்ளினார். புற்று வயிற்றில் தொடங்கி ஈரல் வரை போய்விட்டது என்றார். வெட்டி எடுக்க வழியில்லை. வலிக்கு மருந்து உண்டு. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. யார்மேலாவது பழியைப் போடலாம் என்றால் ஆளே இல்லை. தேதி போட்டுத் தன் கையெழுத்திலேயே எழுதிவைத்திருக்கிறாள். கண் இருந்தும் குருடு என்பார்கள், இவளுக்குக் கண்ணோடு டேப்பும் இருந்தது.

“என் கையில இருந்துச்சும்மா” என்றாள். “மாசாமாசம் எழுதினேன். இரும்பு வளருதுன்னு நெனச்சேன்.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நீ அளந்தே. நான் சோறு போட்டேன். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்.”

அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று பட்டது.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டார்கள். அவனுக்கு எல்லாம் தெரியும். அவனேதான் டாக்டரம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். வந்த இரண்டாம் நாள் அவளைக் கூப்பிட்டான்.

“என் சட்டை என்னாச்சு?”

“இருக்கு.”

“நாலாவது ஒண்ணு அடி. ஒரு தடவ முழுசாப் போட்டுப் பாத்துடறேன். இப்ப இரும்பு கம்மியாத்தான் ஆகும், உனக்கு லாபம்.”

சரி என்றாள். அவனிடம் இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? மறுநாள் பட்டறைக்குப் போய்த் தகட்டை எடுத்துப் பட்டடைமேல் வைத்தாள். சாக்கட்டியால் கோடு போடவேண்டும். அதற்கு அளவு வேண்டும். நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினாள். அதற்குக் கீழே ஒன்றும் எழுத முடியவில்லை. வீட்டுக்குப் போய் அவனை உட்காரவைத்து, டேப்பைச் சுற்றி, ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதை அவன் கேட்பான். அந்த எண்ணுக்குத் தகடு அடித்து முடிக்கும் முன் அதுவும் பழையதாகிவிடும். அப்புறம் ஐந்தாவது தகடா? எதுவரை அளப்பாள்? கையிலிருந்த சாக்கட்டியை அதன் டப்பாவிலேயே போட்டாள்.

மூன்று நெஞ்சுத்தகடுகளையும் கீழே இறக்கினாள். துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவினாள். முதலாளி சாயவேலையை விட்டுவிட்டு வந்து, ஒரு துணியை எடுத்துத் தானும் துடைத்தார்.

“நாடகக்காரங்க நிஜ இரும்பு கேக்கிறாங்க” என்றார் மெதுவாக. “குடுக்கலாமா? சும்மா கெடக்கப் போகுதே.”

“யாருக்கும் பொருந்தாது சார்.”

அவர் தலையாட்டினார். தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றையும் தனித்தனியே வைக்க அலமாரியில் இடமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டாவது முதலாவதுக்குள் போய் உட்கார்ந்தது. மூன்றாவது இரண்டாவதுக்குள் உட்கார்ந்தது. சமையலறை அடுக்குப் பாத்திரம் மாதிரி, கொஞ்சம்கூட இடிக்காமல். எல்லாவற்றுக்கும் வெளியே அந்த நாற்பத்து மூன்று அங்குல அண்ணன் இருந்தான், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கவசத்தோடு சாப்பிட்டவன். அவற்றைச் சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினாள். கட்டும்போதுதான் அழுகை வந்தது. முதலாளி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இரும்பு டேப்பையும் சாக்குக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. அண்ணன் விழித்திருந்தான். சட்டை வியர்த்து நனைந்திருந்தது. அம்மா வெந்நீர் வைக்கப் போயிருந்தாள். அவள் கொடியிலிருந்து உலர்ந்த சட்டையை எடுத்துக்கொண்டு கட்டில் அருகே முட்டிபோட்டாள்.

அவள் முட்டிபோட்டதுமே அவன் கைகள் தாமாக மேலே போயின. தோள்மட்டத்தில், இரண்டு பக்கமும் நீட்டி, இத்தனை மாதமும் நின்ற மாதிரியே. நெஞ்சைக் கொஞ்சம் விரித்தும் வைத்துக்கொண்டான். கைகள் நடுங்கின, ஆனால் இறக்கவில்லை.

சட்டை மாற்றத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றினாள். துண்டால் முதுகைத் துடைத்தாள். பிறகு தன் இரண்டு கைகளாலும் அவன் நெஞ்சைச் சுற்றி வளைத்துப் பிடித்தாள். அவள் விரல்கள் பின்னால் ஒன்றையொன்று தாராளமாகத் தாண்டிப் போயின.

“எவ்வளவு?” என்றான்.

“நாப்பத்திமூணு.”

அவன் அவளைப் பார்த்தான். சிரிப்பு கண்ணில் தொடங்கியது, உதடுவரை வர நேரமாயிற்று.

“அளக்காதே தகரம்” என்றான்.

“இல்லண்ணா” என்றாள். “இனிமே அளக்கல.”

அவன் கைகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சட்டைக்குள் நுழைத்தாள்.