எல்லாரும் ஒன்றாம் நம்பர் சர்வரில்

இடுப்பை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டது போல இருந்தது சுகன்யாவுக்கு. நேற்று முழுக்க அவள் வீட்டு வயலில் நடவு. பக்கத்து வீட்டுத் தையலம்மாளும் கூட வந்து குனிந்தாள். கூலிக்கு இல்லை, ஆளுக்கு ஆள். இன்று சுகன்யா போய் அவள் வயலில் குனிய வேண்டும்.

ஆனால் இன்றுதான் அறுப்பு வண்டி புக்கிங். மடுகரை வண்டிக்காரர்களுக்காக அவளும் தோழி ஜெஸிமாவும் எழுதிய இணையதளம். போன தடவை கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. மறுபடி படுத்தால் பழையபடி புரோக்கரிடமே போய்விடுவோம் என்று வண்டிக்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் கிளவுடில் மூன்று சர்வர் எடுத்து, முன்னால் ஒரு லோடு பேலன்சரை நிறுத்தியிருந்தார்கள். வருகிற கூட்டத்தை மூன்றுக்கும் பிரித்து விடுவது அதன் வேலை. ஒரு சர்வரில் லாகின் செய்த ஆளை அதே சர்வருக்கே அனுப்ப வேண்டும். மற்ற இரண்டுக்கும் அவரைத் தெரியாது. எந்த நெட் முகவரியிலிருந்து வருகிறார் என்று பார்த்து ஆளை அடையாளம் பிடிக்கச் சொல்லியிருந்தாள் சுகன்யா.

புக்கிங் திறந்தது. திரையில் ஒன்றாம் நம்பர் சர்வரின் கோடு சிவந்து மூச்சு வாங்கியது. மற்ற இரண்டும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தன.

ஜெஸிமாவுக்குப் போன் போட்டாள். "இன்னாடி சத்தம் அங்க?"

"ஊரே எங்க உரக்கடையிலதான்டி இருக்கு!" ஜெஸிமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "யாரு போன்லயும் நெட்டு வரல. வாப்பாகிட்ட சொல்லி கடை வைஃபையத் தொறந்துவுட்டேன். பந்தல் போட்டு டீ வேற. யூரியா மூட்டை மேலல்லாம் ஆளு!"

சுகன்யா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது.

"அடிப்பாவி! ஒரே வைஃபைன்னா எல்லாருக்கும் ஒரே முகவரிடி. மொத்த ஊரையும் ஒத்த ஆளுன்னு நெனச்சி ஒரே சர்வர்ல தள்ளுது!"

"யாரு, எங்க வாப்பாவா?"

"ஆமா, உதுமான் பாய் ஒருத்தரே ஊரு வயலயெல்லாம் அறுக்கப் போறாரு! இரு, மாத்துறேன். இனிமே முகவரி பாக்காது. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி டோக்கன்."

மாற்றினாள். பந்தலே எழுந்து கத்தியது போனில் கேட்டது. எல்லாரையும் மீறித் தையலம்மாள் குரல்: "மறுபடியும் ஓடிபி கேக்குதுடி! இப்பதான குடுத்தேன்?"

"இன்னொரு தபா போடு அத்தே! வேற சர்வருக்குப் போயிட்ட. அதுக்கு ஒன்னத் தெரியாது."

"என்னத் தெரியாதா? மடுகரையில என்னத் தெரியாதவன் எவன்டி அவன்?"

மூன்று கோடுகளும் திரையில் பச்சையாக, ஒன்றாக ஏறின. பந்தலில் விசில் பறந்தது. "அடுத்த போகமும் ஒங்க சைட்டுதான்மா" என்று வண்டிக்காரர் ஒருவரின் மெசேஜ் வந்து விழுந்தது. சுகன்யா இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று ஆடினாள்.

தையலம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வண்டி கெடச்சிடுச்சிடி தங்கம்! வெள்ளிக்கெழம அறுப்பு!"

"சந்தோஷம் அத்தே."

"சந்தோஷம் இருக்கட்டும். இன்னொரு துண்டுல நடுறதுக்கு நாத்து கட்டுக் கட்டா காயுது. எங்கடி நீ?"

கூட்டம் இன்னும் வந்துகொண்டே இருந்தது. லாப்டாப்பை விட்டு எழ முடியாது.

தையலம்மாளுக்குச் சுகன்யா இன்னும் ஒரு நாள் நடவு கடன்பட்டிருந்தாள்.