சக்கரவர்த்தியின் படையில் அரியரத்தினம்

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்ரிக் பையைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, பாலாம்பிகை தன் புருசனின் குளிர்கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். நாலு நாளாக அது அலுமாரிக்குள் கிடந்தது. இன்று பத்து மணிக்கு அவரைப் பார்வைக்கு வைப்பார்கள், ஒரு மணிக்குக் கிரியை, மூன்று மணிக்குத் தகனம். அதற்கு முதல் பார்த்துவிட வேண்டும் என்று விடிந்ததும் அவளுக்குப் பட்டது. எதைப் பார்க்க என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பால் பெட்டியில் திகதியைப் பார்த்த பிறகும் ஒருமுறை மோந்து பார்க்கிற மனுசி அவள்.

இடப்பக்கப் பையில் இருமல் இனிப்பு. வலப்பக்கப் பையில் மெட்ரோ அட்டை. உள்பையில் நாலாக மடித்த இரண்டு ரிக்கற்றுகள் இருந்தன. எழுத்து பிரெஞ்சு. இலக்கங்களைப் படிக்க அவளுக்கு யாரும் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா."

மகள் பிரஷாந்தினி பாதி கட்டிய வெள்ளைச் சேலையோடு வந்தாள். ரிக்கற்றை வாங்கி வாசித்தாள்.

"அம்மா, இது அப்பான்ரை ருஷ்யப் படம். புதுசாக்கிப் போட்டிருக்கினம். நாலு பாகம். இது மூண்டாவது."

"அது கிடக்கட்டும். ரெண்டு ரிக்கற் ஆருக்கு?"

சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதரைத் திரையரங்கு ஒன்றிலிருந்து தூக்கி வந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னபோதே பாலாம்பிகைக்கு அழுகை பாதியில் நின்றுபோனது. எண்பத்தொரு வயதில் பொய் சொல்லிவிட்டுப் படத்துக்குப் போயிருக்கிறார். இந்த ரிக்கற்றைப் பார்த்தால் தனியாகவும் இல்லை. சனம் வந்து கட்டிப்பிடித்து அழுதபோதெல்லாம் அவளும் அழுதாள். ஆனால் உள்ளே ஒரு மூலையில் சந்தேகம் உட்கார்ந்து, ஏன் ஒளித்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கணக்காகக் கேட்டது: யாரோடு?

அந்தப் படத்தின் கதை அவள் கழுத்தில் தாலியோடு சேர்ந்து ஏறியது. அரியரத்தினம் பத்தொன்பது வயதில் எஞ்சினியருக்குப் படிக்க மொஸ்கோ போனவர். தகப்பன் செத்துப்போனதால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிப் புகையிலைத் தோட்டத்தில் இறங்கினார். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு கம்பளித் தொப்பியும் ஒரு கதையும். தங்களுடைய பழைய போர் நாவல் ஒன்றை ருஷ்யர்கள் பெரிய படமாக எடுத்தார்களாம். ஆயிரக்கணக்கில் சிப்பாய்களாம். பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் படையில் எகிப்திலிருந்து வந்த தலைப்பாகைக்காரர் கொஞ்சப் பேர் வேண்டுமாம். மண்ணிறத் தோலுக்கு எங்கே போவது? மாணவர் விடுதிக்கு பஸ் அனுப்பினார்களாம். பதினொரு நாள், சிவப்புச் சட்டை, மரவாள், மத்தியானம் இறைச்சி சூப்.

மாப்பிள்ளை சினிமாவிலும் நடித்தவர் என்று கலியாணப் புரோக்கர் சொன்னார். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாம் என்பதால் பாலாம்பிகை அதையும் அந்த ஆயிரத்தில் ஒன்றாக வரவு வைத்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது நாற்பத்தேழு வருடம் நின்றது.

வெறும் புளுகாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்பாள். தொண்ணூறில் அவர் முதலில் கனடாவுக்கு வந்தார். அகதி விசாரணையில் கையில் பகவத்கீதையைக் கொடுத்துச் சத்தியம் வாங்கிவிட்டுக் கேட்டார்கள்: எந்தப் படையிலாவது சீருடை போட்டதுண்டா, ஆயுதம் ஏந்தியதுண்டா? வந்த சனம் முழுக்க நித்திரையிலும் 'இல்லை' சொல்லப் பழகியிருந்த கேள்வி. அரியரத்தினம் கீதையைப் பார்த்தார். ஓம், ஒருமுறை, பிரெஞ்சுப் படையில் என்றார். விசாரித்தவர் பேனையைக் கீழே வைத்தார். அதன் பிறகு சொன்ன எதையும், முதுகில் கிடந்த அடித் தழும்பைக்கூட, அவர்கள் நம்பவில்லை. எல்லாம் சரிவந்து மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட ஆறு வருடம் எடுத்தது.

அந்த ஆறு வருடத்துக்குள்தான், ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. கொட்டுகிற மழையில், ஒரு கையில் ஒன்பது வயதுப் பிள்ளையும் மற்றக் கையில் சூட்கேசுமாக நாவற்குழிப் பாலத்தை அவள் தனியாகக் கடந்தாள். கடைசியில் மொன்றியல் விமான நிலையத்தில் இறங்கியபோது பிரஷாந்தினி தகப்பனை 'அங்கிள்' என்று கூப்பிட்டாள். அந்தச் சொல்லை இவ்வளவு காலமும் அவர் மறக்கவில்லை. அவர் மறக்காதபடி பாலாம்பிகையும் பார்த்துக்கொண்டாள்.

ஆகவே அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கதை உண்மை என்றால், சத்தியத்துக்குப் பயந்த ஒரு பேயனோடு வாழ்ந்திருக்கிறாள், மன்னிக்கலாம். பொய் என்றால், ஒரு வெறும் பெருமைக்காக அவளை அந்தப் பாலத்தில் விட்டவர். பத்து வருடத்துக்கு முதல் மருமகன் வசீகரன் அந்தப் படத்தை எங்கேயோ தேடி எடுத்துப் போட்டான். மிக்ஸரும் தேத்தண்ணீருமாகக் குடும்பமே இருந்து பார்த்தது. அரியரத்தினம் ஓரிடத்திலும் இல்லை. இது வெட்டின பிரதி என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், பாலாம்பிகை கொஞ்சம் கூடவே சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காரில் போகும்போது வசீகரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். கிரியை முடிந்து மாமாவைப் பற்றிப் பேசும்போது அந்தப் படத்தையும் இரண்டு வசனம் சொல்லலாமா என்று.

"பிணத்தை வைச்சுக்கொண்டு பொய் கதைக்கப்படாது" என்றாள் பாலாம்பிகை. கார் நிற்க, பக்கத்து ஊர் லொங்குய்யிலிருந்து வந்த சகலன் வீட்டார் மண்டப வாசலில் நின்றார்கள். பேச்சு அத்தோடு நின்றது.

மண்டபத்தில் அரியரத்தினம் வேட்டியும் பட்டுக்கரைச் சால்வையுமாகப் படுத்திருந்தார். மேலே திரையில் அவருடைய படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பாலாம்பிகை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். கோயிலில் பூக்கட்டுகிற விதவை ஒருத்தி கொஞ்சம் கூடுதலாக அழுதாள். அவளுக்கு எழுபது வயது, ஊன்றுகோல் வேறு. இருந்தாலும் பாலாம்பிகை அவளை மனதில் குறித்துக்கொண்டாள்.

பதினொரு மணியளவில் ஹென்றி வந்தார். ஜான்-டலோன் சந்தையில் அவருடைய மரக்கறிக் கடையில்தான் அரியரத்தினம் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். ஆடி வெயிலில் தோளில் கிடக்கிற துவாயை எடுத்துத் தலைப்பா கட்டிக்கொண்டுதான் அங்கே தக்காளிப் பெட்டி தூக்குவார். மூன்று சுற்று, நுனியை முறுக்கி இடக் காதுக்கு மேலே ஒரு செருகல், வேர்வை துடைக்க ஒரு சாண் தொங்கல். சின்ன வயதிலேயே தகப்பனின் தோட்டத்தில் வந்த பழக்கம். பஸ் போனாலும் சரி, தலைப்பா சரிவரும்வரை அசைய மாட்டார். வாசலில் காத்து நின்று நின்றே பாலாம்பிகையின் வாழ்க்கையில் பாதி போனது. வெள்ளைக்காரர் சிரிக்கப் போகிறார்கள் என்று ஏசியும் பார்த்தாள். வெள்ளைக்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஹென்றி பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவளிடம் வந்து பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை தானும் பக்கத்து இருக்கையில் இருந்ததாகச் சொன்னார். அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் தான்தான். வீட்டு இலக்கம் தெரியாது, தெரிந்த ஒரே இலக்கம் அவருடைய கைத்தொலைபேசிதான். சந்தையில் ஆட்கள் சொல்லித்தான் இன்று வந்திருக்கிறார். பிரஷாந்தினி தமிழில் சொல்லச் சொல்ல, பாலாம்பிகைக்கு முதலில் நிம்மதி வந்தது. உடனேயே வெட்கமும் வந்தது.

"இவரைக் கூட்டிக்கொண்டு போறதை ஏன் எனக்கு ஒளிச்சவராம்? கேள்."

பிரஷாந்தினி கேட்டாள். ஹென்றி தொப்பியைக் கையில் சுற்றினார். பிறகு பதில் சொன்னார், மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அந்த ரிக்கற் உங்களுக்குத்தானாம் எடுத்தவர். நீங்கள் வரமாட்டன் எண்டிட்டீங்களாம். அண்டைக்குக் காலமைதான் இவருக்குப் ஃபோன் எடுத்தவராம்."

போன ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவர் குசினி வாசலில் வந்து நின்றது அவளுக்கு நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு இடத்துக்கு வாறீரோ என்று கேட்டார். எங்கை என்றாள். போனால் தெரியும் என்றார். தெரியாத இடத்துக்கு நான் வாறேல்லை என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது.

ஹென்றி இன்னும் சொன்னார். பெரிய சண்டைக் காட்சியில் அரியரத்தினம் திடீரென்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, அது நான் என்றாராம். ஹென்றி பார்த்தார், புகைதான் தெரிந்தது. கண்டேன் என்று பொய் சொல்லத் தனக்கு மனம் வரவில்லை என்றார். பிறகு நண்பர் சத்தமில்லாமல் இருந்தார். படம் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறார். விளக்குப் போட்டபோதுதான் எழும்பவில்லை என்று தெரிந்தது.

பாலாம்பிகை பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் சாகும்போதும் ஒரு சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செத்திருக்கிறார். அந்தச் சாட்சிக்கோ கண் காணவில்லை.

"வெட்டாத படம் உன்ரை கொம்பியூட்டரிலை வருமோ?" என்று மகளைக் கேட்டாள்.

"இப்பவோ அம்மா? சனம் வந்துகொண்டிருக்கு."

"மூண்டு மணிக்குப் பிறகு பார்த்து என்ன செய்ய?"

பக்கத்திலிருந்த கோப்பி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் இருந்தார்கள். புதிதாக்கிய பிரதி கிடைத்தது, ஒரு சின்னத் தொகையைக் கட்டிப் பிரஷாந்தினி அதைத் திறந்தாள். எந்த இடம் என்று ஹென்றிக்குக் கிட்டத்தட்ட நினைவிருந்தது. முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்தார்கள். குதிரை, பீரங்கி, மறுபடியும் குதிரை. பாலாம்பிகை மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடகுக் கடையில் நகை நிறுக்கிறவனைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தாள்.

ஹென்றி விரலைத் தூக்கினார்.

புகைக்குள்ளிருந்து சிவப்புச் சட்டைக்காரர் ஒரு கூட்டமாகப் பின்வாங்கி ஓடி வந்தார்கள். எல்லோர் தலையிலும் பூசணிக்காயளவு வெள்ளைத் தலைப்பாகை. ஒரு முகமும் தெளிவாக இல்லை. பக்கத்தில் குண்டு வெடித்து மண் எழும்பியது. ஓரத்தில் ஓடியவர்களில் ஒருவருடைய தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. மற்றவர்கள் ஓடிக்கொண்டேயிருக்க, அவர் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. மெலிந்த, கூனாத, பெடியன் முதுகு. வாளைக் கக்கத்தில் இடுக்கினார். துணியை உதறினார். மூன்று சுற்று. நுனியை முறுக்கி இடக் காதுக்கு மேலே செருகினார். தொங்கிய மிச்சத்தால் பிடரியைத் துடைத்தார். பிறகு, அவசரமேயில்லாமல், புகைக்குள் நடந்து போனார்.

"திருப்பி விடு."

மகள் திருப்பி விட்டாள்.

"இன்னொருக்கா."

மூன்றாவது முறை பாலாம்பிகை எழும்பி நின்று பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். குண்டு விழுகிற இடத்திலும் இந்த மனிதருக்குத் தலைப்பா சரிவர வேண்டும். அதன் பின்னாலேயே அந்த ஆறு வருடமும் வந்தது, மழையும் பாலமும் வந்தன. ஒரு புளுகரோடு கோபித்துக்கொண்டு இவ்வளவு காலம் இருந்தது லேசாக இருந்தது. இனி ஒரு பொய் சொல்லாத மனிதரோடு கோபித்துக்கொண்டு இருக்க வேண்டும், அவர் இல்லாமல்.

"அம்மா," பிரஷாந்தினி திரும்பிப் பார்த்தாள். "அவரோ?"

பாலாம்பிகை கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் போட்டாள். "ஐயர் வந்திட்டாரோ எண்டு பார்" என்றாள்.

கிரியை முடிந்தது. வாய்க்கரிசியும் போட்டாகிவிட்டது. வசீகரன் பேச எழுந்து, கையிலிருந்த தாளைப் பிரித்தான். பாலாம்பிகை கையைக் காட்டி அவனை நிறுத்திப் பெட்டிக்குக் கிட்டப் போனாள். அரியரத்தினத்தின் மார்பில் கிடந்த சால்வையை எடுத்தாள்.

"தம்பி, மாமான்ரை தலையை ஒருக்காத் தூக்கிப் பிடியும்."

"மாமி?"

"பிடியும்."

அவன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். பட்டுக்கரைச் சால்வை வழுக்கியது. முதல் தரம் கட்டியது குலைந்துபோயிற்று. அவள் அவிழ்த்து, உதறி, மறுபடி தொடங்கினாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். நுனியை முறுக்கி இடக் காதுக்கு மேலே செருகினாள். செருகல் நிற்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தாள். தொங்கிய மிச்சத்தை இழுத்து ஒரு சாண் அளவுக்குச் சரி செய்தாள். ஐயரும் மண்டபத்துச் சனமும் அவருக்காகக் காத்து நின்றார்கள்.