மூக்கை எடுத்த தலைப்பு

1

இந்தக் கதை ஒரு தலைப்பிலிருந்து பிறந்தது. வழக்கமாகக் கதையை எழுதி முடித்துவிட்டுத் தலைப்புக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இதில் தலைப்பு முதலில் வந்து, அதை நாலு லட்சம் பேர் பார்த்து, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் விழுந்த பிறகுதான் கதை வருகிறது. தலைப்பு இது:

மைதானத்திலேயே 'பொடி'! மதுரை வீராங்கனைகளின் ஆட்டம்?

எழுதியவன் பெயர் சூர்யபிரகாஷ். பழங்காநத்தத்தில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஓடும் 'கூடல் பளிச்' என்ற யூடியூப் செய்திச் சேனலில் எழுத்து வேலை. இந்தக் கதையை எழுதுகிறவனும் அவன்தான். அப்படியென்றால் 'நான்' என்றே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். 'அவன்' என்று எழுதினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. வேறு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"வைகை வறண்டு கிடந்த ஒரு மாலைப் பொழுதில், வெற்றிக் களைப்போடு ஐந்து பெண்கள்…"

வேண்டாம். வைகைக்கு இங்கே என்ன வேலை? மைதானம் அழகர்கோவில் போகிற சாலையில் இருக்கிறது. மதுரை என்றதும் ஆற்றை இழுத்துவந்து போடுவது அவனுக்குக் கைப்பழக்கம்.

இரண்டாவது தொடக்கம்:

"முத்துமீனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத தலைவலி…"

இதுவும் வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் அவளே சொல்வாள்.

சரி, நடந்தது நடந்தபடியே. முத்துமீனா விளாங்குடிக்காரி. வயது இருபத்திரண்டு. மாவட்டப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அன்றைக்கு அரையிறுதி. கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியை இடது கையால் தட்டிவிட்டாள், அணி ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் சுற்றுச்சுவர் நிழலில் தோழிகளோடு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பச்சைத் தகர டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டாள். பெட்டிக்கடையில் தொங்குகிற சரக்குதான். அவள் வயதுக்காரர் யாரும் வாங்கலாம், யாரும் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த அப்சானா, இடது ஓரத்தில் ஓடுகிறவள், "ஏய், எனக்கும் கொஞ்சம் பொடி குடுடி" என்று கையை நீட்டினாள். இரண்டு பேரும் தும்மினார்கள். மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ தூரத்திலிருந்து செல்போனில் படம் பிடித்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு நொடி.

அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் எழுதப்பட்டது.

(மேலே உள்ள கடைசிச் சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போட வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும்.)

3

அந்த வீடியோ சேனலுக்கு வந்தபோது ஓனர் பேச்சிமுத்து ஜன்னலோரம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, புள்ளைக மூக்குல என்னத்தையோ போடுதுக?"

"மூக்குப்பொடிண்ணே."

அப்படித்தான் சூர்யபிரகாஷ் சொன்னான். அவனுடைய அப்பா முப்பது வருஷம் பொடி போட்டவர். டப்பாவைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தெரியும்.

பேச்சிமுத்து புகையை விட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "மூக்கை எடுத்துரு" என்றார்.

மூக்குப்பொடியிலிருந்து மூக்கை எடுத்தால் பொடி. அவன் எடுத்தான். 'ப்'பையும் சேர்த்துத்தான். மிச்சமிருந்த பொடிக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டான். அதை யாரும் போடச் சொல்லவில்லை, அது அவனுடைய சொந்தக் கைவேலை. தலைப்பிலிருந்து எடுத்த மூக்கைப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்துக் காட்டினார்கள். பிறகு செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு அவன் எழுதிக் கொடுத்தது: "வீராங்கனைகள் மைதானத்திலேயே பொடி பயன்படுத்தியதாகக் கூறப்படுகிறது. இது போதைப் பொருளா என்ற கேள்வி* எழுந்துள்ளது."

* கேள்வி தானாக எழுந்துகொள்ளுமா? படுத்திருந்த கேள்வியை உலுக்கி எழுப்பினவன் எவன்? செய்தித் தமிழில் இதற்கெல்லாம் ஆள் கிடையாது. கூறப்படுகிறது, கருதப்படுகிறது, அஞ்சப்படுகிறது. இந்த மூன்று சொற்களை வைத்துத்தான் சூர்யபிரகாஷ் பத்து வருஷமாகச் சோறு தின்கிறான்.

இத்தனைக்கும் அதில் ஒரு வரி பொய் கிடையாது. பொடி என்றால் பொடிதான். வக்கீலே வந்தாலும் ஒன்றும் பிடுங்க முடியாது. நினைக்க நினைக்க வயிறு எரிவது அதனால்தான்.

4

நாலு லட்சம் பேரில் நீங்களும் இருந்திருக்கலாம். முழுசாகப் பார்க்காமல் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, டீக்கடையில் ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் போனுமாக நின்றபடி, 'பொம்பளப் புள்ளைக கெட்ட கேட்டப் பாரு' என்று கருத்து எழுதியிருக்கலாம். சாயங்காலம் அரசாங்கக் கடையில் வரிசையில் நின்று ஒரு குவார்ட்டர் வாங்கியிருக்கலாம். அதுவும் சட்டப்படி சரிதான். உங்கள் வாயைச் சுற்றி யாரும் சிவப்பு வட்டம்* போடவில்லை.

(வாசகரைத் திட்டினால் கதையைப் பாதியில் மூடிவிடுவார். தெரியும். மூடட்டும்.)

* இரண்டாம் நாள் அப்சானாவின் அம்மா அஜ்மல் பீவி மாடிப்படி ஏறி வந்தார். "எம்புள்ள மூக்கைச் சுத்தி வட்டம் போட்டவன் எவன்டா? ஆம்பளையா இருந்தா வெளிய வா" என்று கத்தினார். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரும் போகவில்லை. சூர்யபிரகாஷ் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றான். இந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை அடித்தான், இரண்டு தடவை திரும்பச் சேர்த்தான்.

மூன்றாம் நாள் மாவட்டக் கால்பந்துச் சங்கத்திலிருந்து முத்துமீனாவுக்குப் போன் வந்தது. மாநில அணிப் பயிற்சி முகாமுக்குப் போகும் பட்டியலில் அவள் பெயர் ஏற்கெனவே இருந்தது. இப்போது அதை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பட்டியலை அனுப்பிவிடுவார்களாம். அதற்குள் சேனல்காரர்களிடமிருந்து 'அது மூக்குப்பொடிதான்' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தால் பார்க்கலாமாம். இந்த வருஷம் விட்டால் அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

5

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்தாள். செல்போன் கடைக்கு அடுத்த பேக்கரியில் அவளும் சூர்யபிரகாஷும் உட்கார்ந்தார்கள். அவள் ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டாள்.

"நீங்கதான் தலைப்பு எழுதுறவராண்ணே?"

"ஆபீஸ்ல எழுதுறதுதாம்மா…" என்று அவன் இழுத்தான்.

"ஆபீஸ் எப்பிடிண்ணே எழுதும்? அதுக்குக் கை இருக்கா?"

அவன் டீயைக் குடித்தான். பிறகு தனக்கே பெரிய மனசு என்ற நினைப்பில், "ஒன்னைப் பத்தி ஒரு கதை எழுதலாம்னு இருக்கேன்மா. ஒன் பக்க நியாயத்தை நல்லாச் சொல்லலாம். ஒனக்குத் தலைவலி, மூக்கடைப்பு அந்த மாதிரி ஏதாச்சும் உண்டா? மருந்துக்குப் போட்டதுன்னு வச்சா படிக்கிறவங்களுக்கு…" என்றான்.

"எனக்கு ஒரு வலியும் கெடையாதுண்ணே. பொடி போட்டாத் தும்மல் வரும். தும்முனா நல்லாருக்கும். அதான் போட்டேன். ஒங்க ஓனரு எந்த நோய்க்குண்ணே சிகரெட்டு குடிக்கிறாரு?"

இதனால்தான் இரண்டாவது தொடக்கம் குப்பைக்குப் போனது. கதைக்குள் வருகிற ஏழைப் பெண் பொடி போட்டால் அதற்கு ஒரு துயரம் வேண்டும் என்று அவன் எதிர்பார்த்தான். அவளோ தும்மலுக்காகப் போட்டேன் என்கிறாள். அவள் அழுவாள் என்றும் எதிர்பார்த்தான். கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தான். அவள் பன்னை முழுவதும் தின்றுவிட்டு விரலில் ஒட்டிய தேங்காயையும் தின்றாள்.

"கதையெல்லாம் வேணாம். நீங்க எழுதுன நாலஞ்சு வார்த்தையே போதும்ணே, இம்புட்டு நாறிப்போச்சு. ஒரு லெட்டர் குடுங்க."

அவன் மாடிக்குப் போய்ப் பேச்சிமுத்துவிடம் கேட்டான். அவர் கையை விரித்தார். "லெட்டர் குடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ப்பா. வேணும்னா அந்தப் புள்ளைய ஒரு பேட்டி எடுப்போம். தலைப்பு நீயே வையி." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயா எதுவும் எழுதிக் குடுத்துறாத. குடுத்தேன்னா நாளையில இருந்து வர வேணாம்" என்றார்.

அவன் கீழே வந்து அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினான்: "மேற்படி வீடியோவின் தலைப்பு தவறுதலாக வெளியிடப்பட்டது. இதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

அவள் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"யாருண்ணே வெளியிட்டது? யாரு வருத்தப்படுறது?"

"அது அப்பிடித்தாம்மா எழுதுவாங்க."

"கோல் விழுந்தா மைக்குல என்ன சொல்வாய்ங்க தெரியுமா? 'முத்துமீனா கோட்டை விட்டார்'னு பேரைச் சொல்லிச் சொல்வாய்ங்க. 'கோல் விடப்பட்டது'ன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. எனக்கு முன்னாடி பத்துப் பேரு விட்டுத்தான் பந்து ஏங்கிட்ட வருது. ஆனாலும் நாந்தேன் விட்டேன்னு நிப்பேன்." அவள் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "ஒங்க ஆபீஸ்ல யாருண்ணே கோல்கீப்பரு?"

6

இந்த இடத்தில் அவனுக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

ஒன்று: பேச்சிமுத்து மனம் திருந்தி, சேனலிலேயே மன்னிப்புக் கேட்கிறார். சிரிப்பு வருகிறது. மன்னிப்பை எத்தனை பேர் பார்ப்பார்கள்? முந்நூறு பேர் பார்த்தால் பெரிது.

இரண்டு: முத்துமீனா கையுறையைத் தெப்பக்குளத்தில் வீசிவிட்டு, கண்ணீரோடு ஜவுளிக்கடை வேலைக்குப்… இல்லை. அவள் வீச மாட்டாள். அவளை வீசவைத்தால் அதுவும் ஒரு சிவப்பு வட்டம்தான்.

மூன்று: பல வருஷம் கழித்து அவள் இந்தியாவுக்கு ஆடுகிறாள், அதே சேனல் 'நம்ம மதுரைப் பொண்ணு' என்று தலைப்புப் போடுகிறது. இது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் எழுதக் கை கூசுகிறது.

7

இன்று திங்கட்கிழமை. மணி பத்து ஐம்பது. சங்க அலுவலகத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் முத்துமீனாவின் ஸ்கூட்டி நிற்கிறது. சீட்டின் மேல் ஒரு புதுத் தாள். சூர்யபிரகாஷ் கையில் பேனா. கதவுக்குப் பக்கத்தில் நின்று அவள் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்சானாவும் வந்திருக்கிறாள், அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

காலை ஆறு மணியிலிருந்து இந்தக் கதையைப் போனில் தட்டிக்கொண்டே இருக்கிறான் சூர்யபிரகாஷ். பயல் கெட்டிக்காரன். ஒரு வரி எழுதப் பயந்துகொண்டு ஏழு பகுதி எழுதியிருக்கிறான். அடிக்குறிப்பு வேறு. கடிதத்தில் மூக்கைத் திரும்பப் போடுவதில் அவனுக்குச் சிரமம் இல்லை, அது ஏற்கெனவே போட்டாகிவிட்டது. சிரமம் வினைமுற்றில் இருக்கிறது. 'எடுக்கப்பட்டது' என்று முடித்தால் சங்கத்துக்காரர்கள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், யாரோ எழுதிய மொட்டைக் கடிதம் என்று. 'எடுத்தார்கள்' என்றால் யார் அவர்கள் என்று கேட்பார்கள். மிச்சம் ஒன்றுதான். அதைப் போட்டால் அவள் முகாமுக்குப் போவாள், இவன் நாளைக்கு மாடிப்படி ஏற முடியாது.

"அண்ணே, மணி பத்து அம்பத்தெட்டு" என்கிறாள் முத்துமீனா.

கதையின் முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். அவனும் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறான். வெட்கங்கெட்டவன். நாலு லட்சம் பேரில் நீங்களும் இருந்தீர்கள் என்றால் வந்து பேனாவைப் பிடியுங்கள். தாளில் இதுவரை இருப்பது இதுதான், ஒரே ஒரு எழுத்துப் பாக்கி:

வீடியோவில் இருப்பது மூக்குப்பொடி. அது தெரிந்தே தலைப்பிலிருந்து மூக்கை எடுத்தே