ரீத்தா டீச்சருக்கு வந்த சீணம்

1948ஆம் வருடம் ஆகஸ்டு மாதத்திலிருந்து நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் யாருக்கும் வியர்க்கவில்லை. அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரீத்தா டீச்சருக்குத்தான் வியர்த்தது. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவர்களைப் போல நிற்பார்கள். டீச்சரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்புவார்கள். முதல் மாதம் பார்க்கக் கூட்டம் கூடியது. இரண்டாம் மாதம் சுக்குக்காப்பி விற்பவன் மட்டும் வந்தான்.

ரீத்தா கடியப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். மதராசுக்குப் போய் உடற்பயிற்சி படித்துவிட்டு 1947 ஜூனில் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. அந்த வருடம் அணி ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோற்றது. எல்லா ஆட்டத்திலும் முன்பாதியில் ஜெயித்துக்கொண்டிருந்து பின்பாதியில் தோற்றார்கள். விளையாட்டுத் தெரியாமல் இல்லை. விடியுமுன் எழும்பி, தண்ணீர் கோரி, மாவாட்டி, மாட்டுக்குத் தீனி வைத்து, மூன்று மைல் நடந்து கல்லூரிக்கு வந்த பிள்ளைகளின் கால், பந்தைக் கண்டதும் பறக்கும். அரை மணி நேரம் போனால் அந்தக் கால்தானே வேலையையும் நினைத்துக்கொள்ளும்.

அதனால் ரீத்தா ஊர்க் கடற்கரையில் சிலுவை நட்ட குருசடியில் முட்டுக்குத்தி, "புனிதரே, எங்க பிள்ளையளுக்க சீணத்த எல்லாம் எனக்குத் தந்திரும்" என்று நேர்ச்சை வைத்தாள். அசதிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சில் சீணம் என்று பெயர். கடற்கரைப் பெண்கள் நேர்ச்சை வைத்தால் கெடு சொல்லாமல் எழும்ப மாட்டார்கள். அடுத்த திருநாள் வரைக்கும், பிள்ளை நடக்கிறது வரைக்கும் என்று ஏதாவது ஒன்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் புனிதர் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வார் என்பது அங்கே மீன்கூடை சுமக்கிறவளுக்கெல்லாம் தெரிந்த காரியம். மதராசில் படித்தவளுக்கு அது மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. புனிதருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தக் கல்லூரியை எவரும் ஜெயிக்கவில்லை. திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்தது, எறணாகுளத்து அணிகளும் வந்து தோற்றுப் போயின. கோப்பைகளை வைக்க இடம் போதாமல் பிரின்சிபால் அறையிலிருந்து பைபிள் அலமாரியை வெளியே எடுத்தார்கள். ரீத்தா டீச்சருக்கு சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கரண்டி பிடிக்கக் கை வராது. அவளுடைய தம்பி ஜான்ரோஸ்தான் கஞ்சியை ஊட்டிவிடுவான். அவள் கல்யாணத்துக்கு இரண்டு இடத்திலிருந்து ஆள் வந்தது. இரண்டு தடவையும் மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிவிட்டாள்.

படித்து முடித்துக் கல்யாணமாகிப் போன பிள்ளைகளின் சீணம் அவர்களோடு போய்விடும் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். 1950 கன்னிப்பூப் போகத்து நடவின்போது, மைதானத்தில் ஊதல் ஊதிக்கொண்டிருந்தவளுக்குக் காலை பத்து மணிக்கு இடுப்பு ஒடிந்தது, பாதம் சேற்றில் ஊறியது போலச் சுருங்கிற்று. முதல் அணியின் கேப்டன் நாகம்மையைத் தாழக்குடியில் ஒரு பெரிய வயல்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அங்கே நடவு. அடுத்த வருடம் நாலு பேருக்குப் பிள்ளை பிறந்தது. வலி பெற்றவளுக்கே இருந்தது. சீணம் மட்டும் டீச்சருக்கு வந்தது. டீச்சர் நாலு தடவை லீவு எழுதிக்கொடுத்தாள், காரணம் என்ற இடத்தில் பிரசவம் என்று எழுதினாள், கல்லூரியும் தட்டாமல் கொடுத்தது.

சேதி பரவியது. தை மாதத்து ஆட்டங்களுக்குத் தரகர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ரீத்தா டீச்சர் அணியில் ஆடின பெண் என்றால் சீர்வரிசையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். ஆடு கொழுத்தால் ஆட்டுக்கா லாபம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. டீச்சருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

1956 ஆவணியில் அவளுக்குக் கீழே விரித்த பாயிலிருந்து எழும்ப முடியாமல் போயிற்று. அப்போது முப்பத்து நாலு பெண்களின் சீணம் அவள்மேல் இருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "இனி ரெண்டு கல்யாணம் தாங்காது" என்றார். அணியில் இரண்டு பேருக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டீச்சர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காகச் சாகிறோம் என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

புரட்டாசியில் நாகம்மை வந்தாள். மூன்று பிள்ளை பெற்றும் கல்லூரியில் பார்த்த அதே முகம். பாய்க்குப் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றாள்.

"டீச்சரே, எனக்க சீணத்தத் திருப்பித் தந்திருங்க."

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? நான் இந்தக் கெடைல கெடக்கியது யாருக்கு?"

"தெரியும் டீச்சரே. ஆனா சீணம் இருந்தாத்தான் ஒரு பொம்பள இத்திரி நேரம் இருக்க முடியும். எட்டு வருசமா நான் ஒரு எடத்துல உக்காந்து இருந்ததில்ல. சும்மா இருந்தா எனக்கே கள்ளி மாதிரித் தோணுது. மாமியா வேலைக்காரிய நிறுத்திட்டா. நாகு இருக்கப்ப எதுக்குன்னுட்டு ரெண்டு பசுவும் கூட வாங்கிட்டா. எனக்கு ஏலாதுன்னு சொல்ல எனக்க ஒடம்புல ஒண்ணுமே இல்ல, டீச்சரே."

ரீத்தா டீச்சருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடம்பில் தெம்பு இருந்திருந்தால் அடித்திருப்பாள். "போட்டி வெளிய" என்றாள். நாகம்மை போனாள்.

பிறகு பதினைந்து நாள் டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு ஒவ்வொருத்தி சீணமும் தனித்தனியாகத் தெரியும். குலசேகரத்து ஜெபமணியுடையது தோளில் வரும், அவள் ரப்பர்த் தோட்டத்தில் பால் சுமந்தாள். பகவதியம்மாளுடையது முழங்காலில். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, போன வருடத்தைவிட எல்லாமே கனத்திருந்தன. அதற்கு முந்தின வருடம் அதைவிடக் குறைவு. தனக்கு வயதாவதால் கனக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. இவள் தாங்கத் தாங்க அங்கே வேலை ஏறிக்கொண்டிருந்தது. அது தெரிந்த அன்றைக்கு அவள் அழுத அழுகையைத் தெருவில் போனவர்கள் கேட்டார்கள்.

டீச்சர் தம்பியை அனுப்பிக் கேட்டதற்கு, பங்குச் சாமியார் ஞானதாசன் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, கெடு சொல்லாத நேர்ச்சைக்குப் பிறகும் கெடு சொல்லலாம், ஆனால் பலன் பெற்றவர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்றார். முப்பத்து நாலு பேருக்கும் கார்டு போட்டார்கள். முப்பத்து மூன்று பதில் ஒரே வாரத்தில் வந்தது, பலது தபால்காரனை வாசலிலேயே நிற்கவைத்து எழுதினது. ஜெபமணி மட்டும் கடைக்குட்டிக்குப் பால்குடி மறக்கட்டும் என்று ஒரு மாதம் தவணை கேட்டாள். கொடுத்தார்கள்.

நவம்பர் முதல் தேதி ஜில்லா மதராசோடு சேர்ந்தது. பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் ஜான்ரோஸ் அக்காவை ஒரு கயிற்றுக்கட்டிலில் கிடத்தி, இன்னொரு ஆளோடு சேர்ந்து குருசடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். "இன்னைக்கு வரைக்கும், புனிதரே" என்றாள் அவள். திரும்பும்போது கட்டிலைத் தம்பியும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அதே நேரத்தில் ஜில்லாவின் பல ஊர்களில் பெண்கள் உட்கார்ந்தார்கள். உரலடியில், கிணற்றடியில், தொழுவத்தில், எங்கே நின்றார்களோ அங்கேயே. நாகம்மை நாற்றுக்கட்டோடு வரப்பில் உட்கார்ந்தாள். மாமியார் வந்து என்னவென்று கேட்டாள். "சீணமா இருக்கு" என்று சொன்னாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. அன்று ஆண்கள் அடுப்பு மூட்டினார்கள். புது ராஜ்யத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள், ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது. வேலைக்காரி திரும்ப வந்தாள்.

டிசம்பரில் திருநெல்வேலியில் நடந்த போட்டியில் அணி தோற்றது. முன்பாதியில் பத்து புள்ளி முன்னால் இருந்தார்கள். பின்பாதியில் மூச்சு வாங்கிற்று, முகமெல்லாம் வியர்வை, ஒருத்தி அழுதாள். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கோட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்தார்கள். ரீத்தா டீச்சர் உலர்ந்த சேலையோடு எழுந்து போய், ஒவ்வொருத்தியாக முந்தானையால் விசிறிவிட்டாள். அவளுக்குத் தோல்வி வருத்தமாகத்தான் இருந்தது. மைதானத்தைப் பூட்ட வந்த காவலாளி, நேரமாகிவிட்டது, பிள்ளைகளை எழுப்புங்கள் என்றார்.

"எழும்ப மாட்டாளுவ" என்றாள் டீச்சர். "ஓடுனது அவளுவல்லா."

காவலாளி சாவியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.