டிப்போவுக்குள் ஒரு ஏரி

தலையில் மாட்டியதைப் பிடுங்கி என் கையில் திணித்துவிட்டு, என் வீட்டுக்காரர் பாத்ரூமுக்கு ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அடக் கடவுளே, இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம்!

மாட்டினால் வேறொரு இடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் இந்த விஆர் கண்ணாடி முதலில் வந்தபோது, எங்களைப் போன்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற விலை. அதை ஓட்டப் பெரிய கம்ப்யூட்டர் வேறு வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடுவது வந்தது. அப்புறம் அதிலேயே மலிவானது. ஒவ்வொரு தடவையும் "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்" என்பார். அவரோடு கேம் ஆடும் கூட்டத்தில் யார் எதை வாங்கினாலும் அதன் குறை நிறையெல்லாம் இவருக்கு அத்துப்படி. தொட்டுப் பார்த்ததுதான் கிடையாது. கடைசியில் இன்றைக்குத்தான் ஒன்று வாங்கினார்.

நானும் காத்திருந்தேன். அவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸோ காரோ, ஏறி உட்கார்ந்தால் அடுத்த நிறுத்தத்துக்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். மாத்திரை, எலுமிச்சம்பழம், ஜன்னலோரம் எதுவும் பலிக்கவில்லை. கட்டிக்கொண்டதோ பஸ் டிரைவரான என்னை! டிப்போவில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டு முன்னறையிலேயே செல்போன் பழுதுபார்க்கும் கடை போட்டுக்கொண்டு, நடக்கிற தூரத்துக்குள் வாழ்கிறார். யார் யாரையோ எங்கெங்கோ கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன். என் ஆளோடு சேர்ந்து ஒரு இடம் பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன். "இது மட்டும் வரட்டும், வண்டியே வேணாம், நாம போய்ட்டு வரலாம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் கிண்டல் பண்ணுவேன். உள்ளுக்குள் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இதுவும் பஸ்ஸு மாதிரியே பண்ணுது. வித்துடலாம்."

அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே மாட்டினேன். ஆள் இல்லாத ஒரு பழைய ஊர். கல் வீடுகள், நடுவே தெரு. எங்கோ புதையல் இருக்கிறதாம், தேட வேண்டுமாம்.

"எப்படிப் போறது?"

"கையில புடிச்சிருக்கறதுல ஒரு குச்சி இருக்கு பாரு, அதக் கட்டைவிரல்ல தள்ளு."

தள்ளினேன். நான் நின்றேன், தெரு என்னை நோக்கி ஓடிவந்தது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. திருப்பத்துக்கு அப்பால் என்ன என்று பார்க்கும் ஆசையில், குச்சியை மறந்து நிஜக் காலையே எடுத்து வைத்துவிட்டேன். கட்டிலில் நங்கென்று முழங்கால் இடித்தது.

"ஐயோ அம்மா! ஏங்க, இதுல நெசமாவே நடக்கலாம்போல இருக்கே? நீங்க நடந்தீங்களா?"

"எங்க நடக்கறது? ரெண்டடி வச்சா செவுரு."

"பஸ்ஸுல உடம்பு போகுது, கண்ணு உள்ளயே பாத்துட்டு இருக்கு. இதுல கண்ணு போகுது, உடம்பு நிக்குது. ரெண்டும் சேந்து போனா என்ன ஆகும்?"

கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கித் துடைத்து வைத்தார். விற்கிற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மத்தியானத்தில் எங்கள் டிப்போ ஷெட் காலியாக இருக்கும். பஸ்ஸெல்லாம் வெளியே போயிருக்கும். என் வாராந்திர லீவு நாளில் அங்கே கூட்டிப்போனேன், நடந்துதான். "தூண்ல முட்டினா நான் பொறுப்பில்லம்மா" என்று சொல்லிவிட்டு மேலாளர் சாப்பிடப் போனார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத பக்கமாக என் வீட்டுக்காரரை நிறுத்தினேன். இதற்குமேல் போகாதே என்று கண்ணாடி எச்சரிப்பதற்காக, அவர் அதை மாட்டிக்கொண்டு, கைக்கருவியைத் தரைக்கு நேரே நீட்டித் தூண்களுக்கு உள்பக்கமாகவே எல்லை வரைந்துகொண்டார். பஸ் கழுவுகிற குழாயண்ணன் ஓரமாக நின்று பார்த்தார்.

"என்னம்மா, வீட்டுக்காரருக்குக் கண்ணு ஆபரேஷனா?"

"வாய மூடிட்டு அந்த வாளியக் குடுண்ணே."

வாளியோடு பக்கத்திலேயே நின்றேன். ஒரு அடி வைத்தார். நின்றார். வாளியைத் தூக்கிப் பிடித்தேன். இன்னொரு அடி. பிறகு ஆற்றில் இறங்குகிறவர்போல மெல்ல மெல்ல நடக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல." கொஞ்ச தூரம் போய் மறுபடியும், "ஒண்ணுமே பண்ணலடி!" என்றார். இவ்வளவு வருஷத்தில் என்னை 'டி' போட்டதே இல்லை. தூணில் இடித்துவிடப் போகிறாரே என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஏரி." நடையை நிறுத்தினார். "பெருசா இருக்கு. நீயும் வா."

முழங்கையை நீட்டினார். நான் நின்றது ஒரு பக்கம், அவர் நீட்டியது மறு பக்கம். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க படி இருக்கு. பாசி புடிச்சிருக்கு, பாத்து இறங்கு."

சிமென்டுத் தரை. தினமும் நான் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிற இடம். குழாயண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்காரர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவி, ஒரு படி இறங்கினேன்.