தலையில்லாத பெட்டைக் குதிரை

கிரேன் லாரியின் இன்ஜினை நிறுத்தாமலேயே உட்கார்ந்திருந்தான் தொலொகோன். எப்படியும் திரும்ப ஏற்றத்தானே போகிறோம், அணைத்து என்ன ஆகப்போகிறது என்பது அவன் நினைப்பு. அக்கா பெர்மெத் செய்த இரும்புக் குதிரையைத் தார்ப்பாய் சுற்றியபடி நாரின் நகரத்திலிருந்து கொண்டுவந்து ஊர்ச் சதுக்கத்தில் இறக்கியவன் அவன்தான். ஊர் வேண்டாமென்றால் தூக்கிக்கொண்டு போகவேண்டியவனும் அவன்தான்.

தார்ப்பாயை உருவியதும் ஊரே சுற்றி நின்றுகொண்டது. கிர்கிஸ்காரனை வேறு எதில் ஏமாற்றினாலும் குதிரை விஷயத்தில் ஏமாற்ற முடியுமா? லாரி ஸ்பிரிங் பட்டைகளை வளைத்துப் பற்றவைத்த உடம்பு, நாலு கால், கனத்த மடி. பெட்டைதான், சந்தேகமே இல்லை. ஆனால் கழுத்து பின்னால் திரும்பி விலாப் பட்டைகளுக்குள் போய் மறைந்துவிட்டது. தலையைக் காணோம். அதுதான் வில்லங்கம்.

பிறந்த குழந்தையோ, வந்த மருமகளோ, புதுக் காரோ, முதல்முறை பார்க்கிறவர் கொருமுதுக் என்று எதையாவது கொடுக்காமல் அந்த ஊரில் நகரமாட்டார். ஒரு மிட்டாய் போதும், நம்முடையது என்று ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இன்றைக்கு ஒரு கைகூட சட்டைப்பையிலிருந்து வெளியே வரவில்லை. பெர்மெத் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைநகர் பிஷ்கெக்கில் அவள் சிலைகள் நிற்கின்றன, கடல்தாண்டியும் நிற்கின்றன. பிறந்த ஊரில் இதுதான் முதல்.

ஊர்த்தலைவர் மம்பெதாலி தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஊர்வாய்க்குப் பயந்தவர்.

“தங்கச்சி, ஒரு தலைய வெச்சிடேன். வெல்டிங் மிஷின் வண்டியிலயேதான் இருக்காம். இருட்டுறதுக்குள்ள முடிச்சிட்டா இங்கயே நிக்கட்டும். இல்லன்னா என்மேல கோவிச்சுக்காத.”

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இந்த மண்ணில் ஒன்று நிற்காதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள்! ஆனால் சிலைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவள் இல்லை அவள். எங்கே நின்று பார்க்கவேண்டும் என்று சொல்லித்தான் தெரியவேண்டுமென்றால், அது தோற்ற சிலை.

“தலை இருக்குண்ணே. இன்னொண்ணு வெக்கமாட்டேன்” என்றாள். தம்பியைப் பார்த்துக் கையசைத்தாள். “பெல்ட்டப் போடுடா.”

தனக்கு அப்போதே தெரியும் என்று முணுமுணுத்தபடி இறங்கினான் தொலொகோன். தூக்குகிற பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றுக்கடியில் கொடுக்கக் குனிந்து உள்ளே போனான். போனவன் வெளியே வரவில்லை. பெல்ட் மாட்டிக்கிச்சா என்று கூட்டத்தில் யாரோ கேட்டுச் சிரித்தார்கள்.

பெர்மெத் சிரிக்கவில்லை. குட்டி நின்று பால்குடிக்கிற இடத்தில் அவன் மண்டிபோட்டிருந்தான். அங்கிருந்து நிமிர்ந்தால், விலாவுக்குள் திரும்பிய முகம் காதைச் சாய்த்துக்கொண்டு நேராக அவனைத்தான் பார்க்கும். அந்த உயரத்துக்கு இறங்கினவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்தவன் போய் இன்ஜினை அணைத்தான். திரும்பிவந்து, பெல்ட்டை நன்றாக மடித்துக் குதிரையின் குளம்படியில் வைத்தான்.

“என் கொருமுதுக், அக்கா. கையில இதுதான் இருக்கு” என்றான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு தலைவர் பக்கம் திரும்பினான். “குனிஞ்சு உள்ள போங்க.”

மம்பெதாலி பெருத்த உடம்பைச் சிரமப்பட்டு மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரத்துக்கு அவருடைய பின்புறம் மட்டும்தான் ஊருக்குத் தெரிந்தது. உள்ளே அவருடைய ஒரு கை கம்பளித் தொப்பி விழாமல் பிடித்திருந்தது. இன்னொரு கை மெல்ல நகர்ந்து, கோட்டுப் பையைத் துழாவ ஆரம்பித்தது.