அஜ்மான் வாடகை

ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கிற சாக்கில், பந்தலுக்குள் வரும் பெண்களை ஒவ்வொருத்தியாக எடைபோட்டுக்கொண்டிருந்தாள் சத்தியபாய். புருஷன் செத்து ஒன்றரை நாள்தான் ஆகிறது, அதற்குள் இதென்ன பார்வை என்று யாரும் கேட்கலாம். ஆறு வருஷமாக அவள் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்த ஒருத்தி, இன்றைக்காவது வந்து முகம் காட்டித்தானே ஆகவேண்டும்?

பெட்டிக்குள் ஆன்ட்ரூஸ் கோட்டும் டையுமாகக் கிடந்தார். இரணியல் பக்கம் 'அஜ்மான்காரர்' என்றால்தான் அவரைத் தெரியும். இருபத்தாறு வருஷம் அங்கே, துபாய்க்குப் பக்கத்தில், ஏசி மெக்கானிக். திருவனந்தபுரத்தில் ஒரு பிளாட், அஜ்மானில் கட்டப்போகிற கட்டடத்தில் இன்னொரு பிளாட் என்று வாங்கிப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார். "பணத்த ஒரே நாட்டுல போடப்பிடாது கேட்டியளா, இங்க வாடகை விழுந்தா அங்க ஏறும்" என்று வேதக்கோவில் முற்றத்தில் அவர் செய்த உபதேசத்தைப் போதகரே குறிப்பெடுத்துக்கொண்டதாகப் பேச்சு.

திருவனந்தபுரம் வாடகை பேங்க் கடனுக்குப் போகிறது என்பார். அஜ்மான் வாடகை மட்டும் மாதம் ஏழாம் தேதி சத்தியபாய் கைக்கு வந்துவிடும். பதினாலாயிரம். அதில் இரண்டாயிரம் அவர் தங்கை நேசம்மாளுக்கு. அப்பன் வைத்த தென்னந்தோப்பை விற்றுத்தான் அஜ்மானுக்கு முதல் தவணை கட்டியது; அவளும் கையெழுத்துப் போட்டவளாயிற்றே.

சந்தேகம் முளைத்ததும் அங்கேதான். கல்ஃப் பணம் புழங்குகிற வீடுகளில் காலை ஜெபத்துக்கு முன்னாலேயே திர்ஹாம் விலை பார்த்துவிடுவார்கள். பத்தொன்பது ரூபாயாக இருந்த திர்ஹாம் இருபத்து மூன்றைத் தாண்டியது. அஜ்மான் வாடகையோ பதினாலாயிரத்தில் ஆணியடித்து நின்றது. மிச்சம் எங்கே போகிறது? யாருக்குப் போகிறது?

போதாததற்கு, வாரத்தில் ஆறு நாள் காலை ரயிலில் திருவனந்தபுரம். "பிளாட்டப் பாக்கண்டாமா?" என்பார். அது என்ன, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற பசுவா? சாயங்காலம் வரும்போது மேலெல்லாம் பினாயில் வாடை. அவள் யாராக இருந்தாலும் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறவள் என்பதுவரை சத்தியபாய் முடிவுகட்டியிருந்தாள்.

நேற்று முன்தினம் பச்சை மூடிச் சோற்றுப் பாத்திரம் இல்லாமல் வந்தார்.

"ரயில்ல மறந்துட்டேன்."

"ரயில்லயா, இல்ல எவளுக்க அடுக்களையிலயா?"

அவர் சிரித்தார். சிரித்தபடியே போய்ப் படுத்தார். விடியற்காலையில் குளியலறையில் சத்தம் கேட்டு இவள் ஓடினபோது எல்லாம் முடிந்திருந்தது. குவைத்திலிருந்து மகன் ஜெனித் வந்து சேர்ந்து, இன்று மூன்று மணிக்கு அடக்கம்.

இரண்டேகாலுக்கு ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். பெட்டியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் தோள்பைக்குள்ளிருந்து பச்சை மூடி போட்ட சோற்றுப் பாத்திரம் எட்டிப் பார்த்தது.

பாடிக்கொண்டிருந்த பெண்களுக்குச் சுருதி இறங்கியது. நேசம்மாளின் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டது. சத்தியபாய் எழுந்து, வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, நீ யாரு? இது உனக்க கையில எப்பிடி வந்து?"

"நான் ஜின்சி அக்கா, இனயத்துக்காரி. திருவனந்தபுரத்துல நர்ஸு. அண்ணன் செக்யூரிட்டியா நிக்கிய பில்டிங்லதான் வாடகைக்கு இருக்கேன். கேட்டுக்குப் பக்கத்துல அவருக்க காவல் கூண்டுல கெடந்து. கழுவித்தான் கொண்டுவந்தேன்."

"என்னவா நிக்கிய?"

ஜின்சி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்காவுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்... நான் இருக்கிய பிளாட்டே மொதல்ல அண்ணனுக்கதுதான். அஜ்மானுக்குத் தவணை கெட்ட வித்தாராம். அங்க குழி மட்டும் தோண்டிப் போட்டுட்டு கம்பெனிக்காரன் ஓடிட்டானாம். பொறவுதான் இங்கயே காவலுக்குச் சேந்தது. தூத்து வாரித் தொடைக்கியதும் அவருதான். மாசம் பதினாலாயிரம்."

பையிலிருந்து ஒரு நீல யூனிபாரம் சட்டையை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தாள். பினாயில் வாடை எழுந்தது.

"மத்த வீட்டுல பைப்பு ஒழுகினா பிளம்பரு வருவான். எங்க வீட்டுக்கு மட்டும் அண்ணனே ஓடி வருவாரு. ஜன்னலச் சாத்திட்டுப் போ மக்கா, மழத்தண்ணி அடிச்சா சொவரு ஊதிரும்னு தெனமும் சொல்லுவாரு."

கதவு தட்டப்பட்டது. நேசம்மாள்தான். "மைனி, போதகரு வந்தாச்சு" என்றபடி உள்ளே வந்தவளின் கண் அடுக்களையை ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்குள் நீலச் சட்டை அரிசி டிரம்முக்குள் போயிருந்தது.

"யாரு மைனி இது?"

"வாடகைக்காரி. நம்ம திருவனந்தபுரம் வீட்டுல இருக்கியவ."

"வாடகைக்காரி என்னத்துக்கு இந்த அழுகை அழணும்?"

"நல்ல ஓனரு" என்றாள் ஜின்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

நேசம்மாள் நம்பினாளா என்பது அவளுக்கே வெளிச்சம். ஆனால் அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அப்பம் அந்த அஜ்மான் வீடு? இனி அத யாரு பாப்பா மைனி? எனக்க மூச்சுமுட்டலுக்க மருந்து அதுலதான் ஓடுது."

சத்தியபாய் டிரம்மின் மூடியை அழுத்திச் சரியாக மூடினாள்.

"அங்கயும் ஆளு இருக்கு. ஏழாம் தேதி வாடகை வரும்."

அடக்கம் முடிந்து வீடு ஒழிவதற்குள் இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சி ஆறிக் கிடந்தது. சத்தியபாய் அடுக்களைக்குள் போய், ஜின்சி கழுவிக் கொண்டுவந்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள். பச்சை மூடியின் வரிக்குள் விரல் விட்டுத் துடைத்து மேடையில் கவிழ்த்து வைத்தாள். டிரம்மிலிருந்து சட்டையை எடுத்து உதறினாள். சட்டைப் பையிலிருந்து நாலைந்து அரிசி உதிர்ந்தது. துவைத்துப் பிழிந்து, வெளியே கொடியில் போடாமல் உள்ளறைக் கட்டில் சட்டத்தில் விரித்தாள்.

தூறல் பிடித்தது. ஜன்னல் விளிம்பில் முதல் துளிகள் தெறித்தன. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.